பூட்டின அறைச் சாமான்

செட்டிநாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது பட்டாளத்தைப் போர்முனைக்கு அனுப்புகிற மாதிரி. பட்டாளத்துக்காவது தேவையானதை மட்டும் கொடுப்பார்கள்.

நகரத்தார் வீட்டில் பெண் பிறந்ததுமே சாமான் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளை குப்புற விழுவதற்குள் இடியாப்ப உரல் வந்துவிடும். கல்யாணத்தன்று அத்தனையும் பரப்பி வைக்கப்படும். வெள்ளி, பித்தளை, வெண்கலம், அப்புறம் மங்கு என்கிற எனாமல் சாமான். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் கப்பலேற்றி அனுப்பிய தூக்குகளைக் கவிழ்த்தால் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று முத்திரை தெரியும். ஜெனீவாவில் ஒத்துப்போகாத தேசங்கள் ஆத்தங்குடிக் கல் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான், கப்பல் நின்றது. சாமான் நிற்கவில்லை, பிற்பாடு எவர்சில்வருக்கு மாறிக்கொண்டது.

இத்தனை சாமானுக்கு ஒரு நியாயமும் உண்டு. கல்யாணம் ஆன மகனை 'வேறு வைத்து' விடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனி. நாலு மகன் என்றால் நாலு அம்மி, நாலு பணியாரக் கல். பக்கத்து அடுப்பில் போய் ஒரு கரண்டி இரவல் கேட்பதைப் போலக் கௌரவக் குறைச்சல் உலகத்தில் வேறில்லை. அதைத் தடுக்கத்தான் மூன்று டஜன் கரண்டி.

எங்கள் தெரு ஆச்சி வீட்டில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது வாடகைக் கடை அண்டாக்கள் வேனில் வந்து இறங்கின. பூட்டின அறையைக் காட்டி, "உள்ளே இத்தனை கிடக்கே ஆச்சி?" என்றேன்.

"அது புழங்குற சாமானா? மகளுக்கு வச்சதப்பா."

மகளுக்குப் பேரன் பிறந்தாயிற்று. சென்னையில் மூன்றாவது மாடி, இரண்டு பர்னர் அடுப்பு. அந்த அடுப்படியில் ஆச்சியின் வெண்கலப் பானையை வைத்தால் மகள் வெளியே நிற்க வேண்டும்.

இப்படிப் பூட்டிக் கிடந்ததில் பாதி இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடைகளில் தொங்குகிறது. கூசாக்களின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய விலாசம், அதாவது குடும்ப இனிஷியல், இன்னும் அழியவில்லை. போன தடவை போயிருந்தபோது, புது பங்களா கட்டியிருந்த ஒருவர் கடைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்: "நம்ம இனிஷியல் போட்டதா ஏதும் கிடைக்குமா?"

"என்ன விலாசம்னு சொல்லுங்க" என்று கடைக்காரர் ஏணியைச் சாத்தினார்.