கிளி எடுத்த சீட்டு

(வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி (கல்லூரி மாணவி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்): கைப்பேசியில் நாள்தோறும் 'உங்கள் உள்மனம் எந்த நிறம்?', 'நீங்கள் எந்த மிருகம்?' என்று ஏதாவது ஒரு வினாத்தாள் வந்துவிடுகிறது. பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் என் சுபாவத்தை அப்படியே எழுதிக் காட்டுகிறது. முன்பின் தெரியாதவர்களுக்கு என்னைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரிகிறது?

பதில்: உங்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். 1948-ஆம் ஆண்டில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், தம்மிடம் பயின்ற மாணவர் 39 பேருக்குக் குணப் பரீட்சை ஒன்றை வைத்துவிட்டு, பிறகு ஒருநாள் அவரவர்க்கென்றே எழுதியதாகச் சொல்லி ஆளுக்கொரு குணசித்திரத் தாளைக் கையில் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடும்படி கேட்டார், சராசரி 4.26 வந்தது. மாணவர்கள் வியந்து முடித்த பிறகுதான், எல்லார் கையிலும் இருந்தது ஒரே வாசகம் என்பதும், அதில் பெரும்பகுதி கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்பதும் தெரிந்தன. பிறர் நம்மை மெச்ச வேண்டும் என்ற ஆசையும், வெளியே திடமாக நின்று உள்ளே கலங்கும் இயல்பும், வெளிப்படாத திறமை ஏதோ நம்மிடம் கிடக்கிறது என்ற நம்பிக்கையும், காலையில் கே.எல். சென்ட்ரலில் ரயிலேறும் அத்தனை பேருக்கும் பொதுச் சொத்து அல்லவா?

ஆனாலும் அந்த வினாத்தாளை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். எந்த வரியில் உங்கள் கண் சற்று நின்றது, எந்த வரியைத் தோழி பார்த்துவிடாமல் விரலால் மேலே தள்ளினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்களைப் பற்றிய செய்தி, அதை எழுதியவருக்கும் தெரியாத செய்தி, அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கேள்வி (துணிக்கடைக்காரர், தெங்கு கிளானா சாலை, கிள்ளான்): அப்படியானால் இதற்கும் கிளி சோதிடத்துக்கும் என்ன பேதம்?

பதில்: பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையின் கடைமுன் அஞ்சடியில், பூக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே, ஒரு சோதிடர் சிறு மேஜையும் கூண்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நானும் சில நாட்கள் நின்று பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்ததும் கிளி நிதானமாக இறங்கி வந்து, அடுக்கியிருக்கும் சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளி, ஒன்றை மட்டும் கவ்விக் கொடுத்துவிட்டு, தன் கூலியான நெல்மணியை வாங்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே கூண்டுக்குள் திரும்பிவிடுகிறது. ஒருநாள் வேலை உடுப்போடு வந்திருந்த ஓர் அம்மாளிடம் சோதிடர், "ஒரு பிள்ளையைப் பற்றி மனசில் பாரம் இருக்கும்மா" என்றார். "சின்னவன்தான் ஐயா" என்று தொடங்கிய அந்த அம்மாள், அவன் படிப்பை விட்டதையும், அப்பனோடு பேசாததையும், இரவில் எத்தனை மணிக்கு வருகிறான் என்பதையும் ஒரு மூச்சில் சொல்லிமுடித்தபோது, மேஜைமேல் கிடந்த சீட்டை அவரும் பார்க்கவில்லை, சோதிடரும் பார்க்கவில்லை. எழுந்து போகும்போது அந்த அம்மாளின் நடையில் ஒரு தெளிவு இருந்தது.

மனம் திறப்பதற்கு ஒரு வியாஜம் வேண்டியிருக்கிறது. கிளிச்சீட்டும் வினாத்தாளும் அந்த அளவில் உறவுதான். சோதிடம் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லத் துணிகிறது, பயம் காட்டுகிறது, பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறது. நல்ல வினாத்தாள் இன்றைக்கு உள்ள உங்களோடு நின்றுவிடுகிறது. பரிகாரம் சொல்லும் வினாத்தாளைக் கண்டால், அதைக் கிளி எடுத்ததாகவே கருதிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், செந்தூல்): இதெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த விளையாட்டு. நம் முன்னோர்க்கு இது தேவைப்பட்டதா?

பதில்: தேவைப்பட்டது, ஆனால் அவர்கள் அதை விளையாட்டாக எண்ணவில்லை. 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே வள்ளுவர், ஒருவனை வேலைக்கு எடுக்குமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கினாலும் அவன் மனத்தை ஆராய வேண்டும் என்கிறார். பரிமேலழகர் உரையைப் பார்த்தால், அரசன் தன் ஆட்களை இரகசியமாக அனுப்பி, ஆசை காட்டியும் அச்சம் காட்டியும் அமைச்சனாகப்போகிறவனைச் சோதிக்கும் முறை விவரமாகவே இருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதே நான்கு சோதனைகள் உண்டு. சோதிக்கப்படுகிறவனுக்குத் தான் சோதிக்கப்படுவது தெரியாது என்பதுதான் அதன் உயிர்நிலை. அரசாங்கத்துக்கு அது தகும். வீட்டில் மனைவியிடமோ மகனிடமோ அந்த யுக்தியைப் பிரயோகித்தால் அதற்குப் பெயர் ஒற்று.

வள்ளுவரிடம் வேறொன்றும் உண்டு. 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பை அவர் இரண்டு அதிகாரங்களுக்கு வைத்திருக்கிறார்: பொருட்பாலில் அது அரசவையில் பிறர் கருத்தை முகத்தில் படிக்கும் கலை, காமத்துப்பாலில் காதலர் ஒருவரை ஒருவர் கண்ணில் படிக்கும் கலை. மேல்நாட்டு விளையாட்டுகளும் இப்படிப் பிறர் மனத்தைப் படிக்கும் ஆசையில் பிறந்தவைதான். பிரான்சில் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஃபெலிக்ஸ் ஃபோரின் மகள் அந்துவானெத், வந்தவர்களெல்லாம் தம் விருப்பு வெறுப்புகளை எழுதுவதற்காக ஒரு வினா ஆல்பம் வைத்திருந்தாள்; அதில் பதின்வயதில் பதில் எழுதிய பையன்தான் பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியராக விளங்கிய மார்செல் புரூஸ்த். மைக்கறையில் உருவம் காணும் பரீட்சையை 1921-இல் பத்து அட்டைகளோடு வெளியிட்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக், பள்ளி நாளிலேயே மைக்கறைப் படம் செய்யும் விளையாட்டில் பைத்தியமாக இருந்ததால் தோழர்கள் அவரை அந்தக் கறையின் பெயரிட்டே அழைத்தார்கள். நூல் வெளிவந்த மறு வருஷமே, 37 வயதில், அவர் இறந்துபோனார். ஆசியாவிலும் வழியுண்டு: 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் புகழ்பெற்று, பின் இசாமு சைத்தோவும் ததாஹிகோ நாகாவோவும் புத்தகமாக்கிய 'கோகோலஜி', மனம் என்று பொருள்படும் 'கோகோரோ'விலிருந்து பெயர் பெற்ற இத்தகைய விளையாட்டுத்தான்.

கேள்வி (இல்லத்தரசி, பூச்சோங்): எந்தக் கேள்வி கேட்டாலும் என் கணவர் "எதுவானாலும் சரி" என்கிறார். இது என்ன சுபாவம்?

பதில்: களைத்துப்போன சுபாவம். தே தாரிக் ஒன்று கலந்து கொடுத்துவிட்டு, அரை மணி கழித்துக் கேளுங்கள்.

கேள்வி (தாயார், பண்டமாரான், கிள்ளான்): தீபாவளிக்குக் குடும்பமே கூடுகிறது, கூடிய பிறகு பெரியவர்கள் தொலைக்காட்சியையும் பிள்ளைகள் கைப்பேசியையும் பார்க்கிறார்கள். விளையாட்டாகக் கேட்டுப் பேச்சை வளர்க்க ஒரு கேள்வி சொல்லுங்கள்.

பதில்: எல்லாருக்கும் தெரிந்த பழைய கேள்வி ஒன்று போதும்: வீடு தீப்பிடித்துவிட்டது, மனிதர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், ஒரே ஒரு பொருளை எடுக்க அவகாசம் இருக்கிறது, எதை எடுப்பீர்கள்?

போன தீபாவளிக்கு மறுநாள் மாலையில், கிள்ளானில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில், ஐந்தாம் படிவம் படிக்கும் பேரன் இந்தக் கேள்வியைக் கைப்பேசியைப் பார்த்து வாசித்தான். ஒருவர் நகை என்றார், ஒருவர் கல்யாண ஆல்பம் என்றார், சிறுமி ஒருத்தி பூனையை மனிதர் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டாள். முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்த பாட்டி, "ரொட்டி டின்னுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பேரன் உள்ளே போய் எடுத்துவந்தான். மூடியைத் திறந்தபோது பாச்சை உருண்டை வாசனை அடித்தது. உள்ளே ஐந்து பிள்ளைகளின் பிறப்புச் சூராக்கள், அதாவது பிறப்புப் பத்திரங்கள், தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், ரப்பர் வளையம் போட்டு. அடியில் ஒரு பழைய சிவப்பு அடையாள அட்டையின் நகல்.

பையன் விடைப் பட்டியலைப் படித்தான்: காகிதங்களை எடுப்பவர் பதவியையும் கௌரவத்தையும் பெரிதாக மதிப்பவர். பாட்டி, "அது சரிதான், எழுதினவன் தோட்டத்துல பிறக்கலையே" என்றார். பிறகு, லயத்து வீட்டில் தாம் பிறந்ததையும், அதை யாரும் போய்ப் பதியாததையும், கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பின்னும் சிவப்பு அட்டையோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதையும், குடியுரிமைக்குரிய நீல அட்டை கைக்கு வந்த அன்று கிள்ளான் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அழுததையும், தம் பிள்ளை ஒவ்வொன்றும் பிறந்த வாரத்திலேயே கணவரைத் துரத்திச் சூரா எடுக்க வைத்ததையும் ஒரு மணி நேரம் சொன்னார். அவருடைய மகனுக்கே பாதிக்கு மேல் புதுச் செய்தி. பேரன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

அந்த விடைப் பட்டியல் அபத்தம்; அந்தக் கேள்வி மகத்தானது. ஆகவே கேள்வியை வைத்துக்கொண்டு விடைப் பட்டியலைத் தூக்கி எறியுங்கள், அதன் இடத்தில் "ஏன்?" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் ஆரன் என்ற மனோதத்துவப் பேராசிரியரும் தோழர்களும் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறிமுகமில்லாத இருவரை உட்காரவைத்து, மேலோட்டத்திலிருந்து ஆழத்துக்குப் போகும் 36 கேள்விகளை 45 நிமிஷம் மாறிமாறிக் கேட்டுக்கொள்ளச் செய்து, அவர்களிடையே நெருக்கம் வளர்வதைக் கண்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு விடைப் பட்டியலே கிடையாது. கே.எல். சென்ட்ரலில் ஏறியவர்கள் கிள்ளானில் இறங்குவதற்குள் அத்தனையும் கேட்டு முடித்துவிடலாம்.

கேள்வி (பார்வைக் குறையுடைய வாசகர், பிரிக்பீல்ட்ஸ்): இந்தப் பரீட்சைகள் பெரும்பாலும் படமும் நிறமுமாகவே இருக்கின்றன. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் உங்கள் பேட்டையில்தான் இருக்கிறது, வெண்கோல் தட்டிச் செல்வோர்க்கென்று தரையில் மஞ்சள் மேட்டுக்கோடு பதித்த வீதிகள் உங்களுடையவை. படம் காட்டித்தான் மனத்தை அறியலாம் என்பது வினாத்தாள் எழுதுவோரின் சோம்பல். நான் உங்களிடம் இப்படிக் கேட்பேன்: துன் சம்பந்தன் சாலையில் மல்லிகை வாசனை, மேலே மோனோரயில் போகும் இரைச்சல், கடைவாசல் ஒலிபெருக்கிப் பாட்டு, மசாலா அரைக்கும் நெடி, இவற்றில் எது வந்ததும் 'வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்' என்று உங்கள் மனம் சொல்கிறது? ஏன்? கண்ணுள்ளவர்களும் இதற்குப் பதில் சொல்லிப் பார்க்கட்டும், பலர் திணறுவார்கள்.

கேள்வி (அலுவலக ஊழியர், பெட்டாலிங் ஜெயா): எங்கள் அலுவலகத்தில் ஒரு பரீட்சை வைத்து, எனக்கு நான்கெழுத்தில் ஒரு முத்திரை கொடுத்தார்கள். நான் உள்முகப் போக்குடையவனாம்; அதனால் வாடிக்கையாளர் முன் பேசும் வேலைக்கு என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

பதில்: அநியாயம். மனோதத்துவ அறிஞர் கார்ல் யூங்கின் கருத்துகளை ஆதாரமாகக் கொண்டு, காதரீன் பிரிக்ஸ் என்ற அம்மாளும் அவர் மகள் இஸபெல் மையர்ஸும் அமைத்த அந்தப் பரீட்சை மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. அவ்விருவரும் மனோதத்துவத்தில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். சில வாரங்கள் சென்றபின் அதே பரீட்சையை எழுதுவோரில் பலருக்கு வேறு முத்திரை வந்துவிடுகிறது. ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு பேசுவதற்கு அது உதவலாம். ஒருவர் பிழைப்பை நிர்ணயிக்க உதவாது. மேலதிகாரியிடம் பணிவாக, ஆனால் எழுத்து மூலமாக, ஒரு மாதம் அந்த வேலையில் வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். தேர்வு அங்கே நடக்கட்டும்.

இதையொட்டி எல்லாருக்கும் ஒரு வார்த்தை. உறக்கம் கெட்டு, உணவு கசந்து, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர் கையில் விளையாட்டு வினாத்தாளைக் கொடுக்காதீர்கள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவுபெற்ற ஆலோசகர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கூடவே அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, காப்பார்): இந்த விளையாட்டுக்கு விதி ஒன்றுதான் வைக்கலாம் என்றால் எதை வைப்பீர்கள்?

பதில்: கேட்பவர் முதலில் தாம் பதில் சொல்ல வேண்டும். தம் மனத்தை மூடி வைத்துக்கொண்டு பிறர் மனத்தைத் திறக்கச் சொல்பவரைப் பிள்ளைகள் அரை நிமிஷத்தில் கண்டுகொள்வார்கள்.

விதிக்கு நானும் உட்பட்டவன். என் வீடு தீப்பிடித்தால் நான் எடுப்பது, என் தாயார் பென்சிலால் கணக்கெழுதிய மளிகைக்கடை நோட்டு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எங்களுக்குத் தெரியாமல் அவர் எதையெல்லாம் வாங்காமல் விட்டார் என்பது அதில் அடித்த கோடுகளிலிருந்து தெரிகிறது. வாசகர்களே, இந்த வாரம் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டு, அவர் சொன்ன பொருளையும் ஏன் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழின் இந்தப் பக்கம் முழுவதும் அவர்களுக்கே.