சோழவரம் கண்ட வேகமே, வாழ்க!

விஜய் மல்லையா அவர்களே, உங்கள் வேகத்தைத் தமிழ்நாடு புதிதாகப் பாராட்டவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த நாளிலேயே நாங்கள் உங்களைப் பார்த்துவிட்டோம். பலர் உள்ளூர்ப் பட்டறையில் பிரித்துப் பூட்டிய வண்டிகளோடு வந்து நிற்க, 1980களில் நீங்கள் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கென்றே செய்த என்சைன் காரைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். முந்த வேண்டுமென்றால் அடுத்தவனிடம் இல்லாத வண்டி நம்மிடம் இருக்க வேண்டும். அந்த இளம் வயதிலேயே இதைக் கற்றுக்கொண்ட மேதை நீங்கள்.

1983இல் தந்தை விட்டல் மல்லையா மறைந்ததும், 28 வயதுக்குள் ஒரு மதுபான சாம்ராஜ்யமே உங்கள் கைக்கு வந்தது. 2005இல், மகனின் பதினெட்டாம் பிறந்த நாளையொட்டி, கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தைத் தொடங்கினீர்கள். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தரவே தீபாவளி போனஸை எதிர்பார்த்திருக்கும் சிவகாசிக்காரர்கள் நாங்கள். அந்தத் தந்தைப் பாசத்தை அண்ணாந்துதான் பார்த்தோம். அந்த நிறுவனம் ஓர் ஆண்டுகூட லாபம் பார்க்கவில்லை. லாபம் பார்க்காமலே ஏழு ஆண்டுகள் ஆகாயத்தில் நிற்பது யாருக்கு வரும்?

உங்கள் திறமைகளில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அடமானக் கலைதான். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பெண் கடன் கேட்டுப் போனால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றித் தர வேண்டும். கல்லில் உரசிப் பார்த்து, எடை போட்டு, கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்த பிறகே காசு கைக்கு வரும். நகை இல்லாதவள் குழுக் கடனுக்குப் போவாள். அங்கே கூட இருக்கும் பெண்களின் மானமே ஜாமீன். நீங்களோ கிங்ஃபிஷர் என்ற பெயரையே வங்கிகளிடம் அடகு வைத்தீர்கள். அந்தப் பெயர் மட்டும் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் பெறும் என்று மதிப்புப் போட்டுக் கொடுக்கவும் ஆள் இருந்தது. 2016இல் வங்கிகள் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தன. சுமார் 367 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தும் கேட்க ஒருவர்கூட வரவில்லை. காற்றை எடை போட்டுக் காசாக்கிய கையைக் கும்பிடத்தானே வேண்டும்?

பந்தயத்திலும் உங்களைக் குறை சொல்ல முடியாது. 2008இல் ஃபார்முலா ஒன்னில் களமிறங்கிய உங்கள் ஃபோர்ஸ் இந்தியா அணிக்கு, மறு ஆண்டே பெல்ஜியத்தில் ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்தார், பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். 2016, 2017 ஆண்டுகளில் பணக்கார அணிகளுக்கு நடுவே உங்கள் அணி நான்காம் இடம் பெற்றது. கூட்டாளியைத் தேர்ந்தெடுத்ததிலும் உங்கள் கண் தப்பவில்லை. 2011இல் சஹாரா குழுமத்தின் சுப்ரதா ராயைச் சேர்த்துக்கொண்டீர்கள். முறையின்றித் திரட்டிய 24,000 கோடி ரூபாயைச் சிறு முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரச் சொல்லி அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2014இல் அவர் திகார் சிறைக்குப் போனார். நீங்கள் போனது லண்டனுக்கு. ஒரே அணியின் இரண்டு முதலாளிகளில் வேகமானவர் யார் என்று இதற்கு மேல் கேட்க வேண்டுமா?

2012 அக்டோபர் மாதத்தை மட்டும் வேகமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஏழு மாதமாகச் சம்பளம் வராத விமானிகளும் பொறியாளர்களும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் சம்பளத்தில் பிடித்த வருமான வரிகூட அரசுக்குப் போய்ச் சேரவில்லை. டெல்லியில் ஓர் ஊழியரின் மனைவி, கணவருக்குச் சம்பளம் வராத துயரத்தில் உயிரை விட்டார். 20ஆம் தேதி நிறுவனத்தின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. 28ஆம் தேதி, டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டா பந்தயத் தடத்தில், உங்கள் அணியின் இரண்டு கார்களும் குறித்த நேரத்துக்குக் கிளம்பின. எது நின்றாலும் பந்தயம் நிற்கக் கூடாது என்ற உங்கள் உறுதி அப்படி.

உங்கள் வாழ்நாள் சாதனை 2016 மார்ச் 2ஆம் தேதி நடந்தது. அன்று பகிரங்கமாக டெல்லியில் விமானம் ஏறினீர்கள். 2015 அக்டோபரில் உங்களைக் கண்டால் பிடித்து வைக்கச் சொல்லித்தான் சிபிஐ விமான நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அடுத்த மாதமே அது, வந்தால் தகவல் சொன்னால் போதும் என்று மாறிவிட்டது. நீங்கள் நாட்டைவிட்டுப் போகாமல் தடுக்க வேண்டும் என்று 17 வங்கிகள் கூடி உச்ச நீதிமன்றத்தின் படியேறியபோது, நீங்கள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று உங்கள் மேல் நின்ற கடன் வட்டியோடு 9,000 கோடி ரூபாய். சுமை குறைந்தால்தான் கார் வேகமாக ஓடும் என்பார்கள். அந்தச் சுமை அத்தனையையும் இங்கேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள்.

நீதிமன்றங்களும் உங்களுக்குப் பட்டயம் எழுதித் தந்திருக்கின்றன. மோசடிக்கு முகாந்திரம் இருக்கிறது என்று கண்டு, 2018 டிசம்பர் 10ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் உங்களை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்றது. 2019 ஜனவரியில் மும்பை சிறப்பு நீதிமன்றம், தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி என்று உங்களை அறிவித்தது. அப்படி அறிவிக்கும் சட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதல் ஆள் நீங்கள். நீதிமன்ற உத்தரவை மீறி 4 கோடி டாலரைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றியதற்காக, 2022இல் உச்ச நீதிமன்றம் நான்கு மாதச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

ஒரு தவறும் செய்யவில்லை என்கிறீர்கள் நீங்கள். பட்ட கடனுக்கு மேலேயே வங்கிகள் எடுத்துக்கொண்டன என்பது உங்கள் வாதம். உங்கள் சொத்துகளை விற்ற வகையில் 14,131 கோடி ரூபாய் வங்கிகளுக்குத் திரும்பியதாக 2024 டிசம்பரில் நிதியமைச்சரும் மக்களவையில் சொன்னார். அந்தக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது நீங்கள் தேடி வந்து கட்டிய பணமில்லை, சட்டம் துரத்திப் போய்ப் பிடுங்கிய பணம். வங்கிகள் சரக்கு மூட்டையை விற்று எடுத்துக்கொண்டதைத் தன் நாணயத்துக்குச் சாட்சியாகக் காட்ட விருதுநகரின் எந்த வியாபாரிக்கும் நாக்கு வராது. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து, பொதுக் காசுக்குக் கணக்குச் சொல்லிப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர் அது. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான்.

வெஸ்ட்மின்ஸ்டரில் உங்கள் தீர்ப்பு வந்த அதே டிசம்பரில் சிவகாசியில் பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடந்தன. பேரியம் நைட்ரேட் கூடாது, சரவெடி கூடாது என்று உச்ச நீதிமன்றம் அக்டோபரில் சொன்னது. நவம்பரில் இழுத்து மூடிய ஆலைகள் மார்ச் வரை திறக்கவில்லை. சரம் பின்னிய கை சும்மா இருந்தது. வாரத் தவணை சும்மா இருக்கவில்லை. கட்ட முடியாதவள் வீட்டுத் திண்ணையில் வசூல்காரர் உட்கார்ந்தார், குழுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். அவளைப் பிடித்து வை என்பதை யாரும் தகவல் சொன்னால் போதும் என்று திருத்தி எழுதவில்லை. அவளால் பக்கத்து ஊரான வெம்பக்கோட்டையைத் தாண்டிக்கூட ஓட முடியாது; ஓட நினைக்கவும் மாட்டாள். தோடு, மூக்குத்தி என்று ஒவ்வொன்றாக விற்றுக் கடைசிக் காசுவரை கட்டினாள்.

மல்லையா அவர்களே, உங்களைப் புகழ்ந்தது போதும் என்று நினைக்கிறேன். இனி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. அவருக்கு ஆண்டுக் கணக்கில் காட்டிய பொறுமையில் சில வாரங்களை எங்கள் பெண்களுக்குக் கொடுங்கள். தீபாவளி முடிந்து ஆலை மூடும் நாட்களிலும், விபத்தாலோ தடையாலோ வேலை நின்றுபோகும் மாதங்களிலும் தவணையைத் தள்ளி வையுங்கள். அந்த நாட்களுக்கு வட்டி மேல் வட்டி போடாதீர்கள். வேலை தொடங்கியதும் அவர்கள் கட்டிவிடுவார்கள்.