அந்த நோர்வேப் பையனுக்கு என்ன சமைப்பது?

போட்ஸ்ஃபியோர், நோர்வே
ஜூலை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதும்போது இங்கே இரவு பன்னிரண்டு மணி. வெயில் கண்ணைக் குத்துகிறது. இந்த மாதத்தில் சூரியனுக்குப் படுக்கை கிடையாது, ஆகையால் எனக்கும் கிடையாது.

பின்வளவில் கட்டிய அறைக்கு நோர்வேக்காரப் பையன் ஒருவன் வந்திருக்கிறான் என்று உங்கள் கடிதத்தில் வாசித்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புத்தளத்துக் கண்டக்குழியில் பிறந்த நான் மீன் வெட்ட அவன் நாட்டுக்கு வந்தேன். அவன் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் வழுக்க நம் ஊருக்கு வந்திருக்கிறான். தென்மேற்குக் காற்று எழும்பினால் அத்தான் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வானத்தைத் திட்டுவார். அதே காற்றுக்காக இவர்கள் காசு கட்டி விமானம் ஏறி வருகிறார்கள். அத்தானிடம் சொல்லுங்கள், இனிக் காற்றைத் திட்டவேண்டாம், அதுவும் வாடகை தருகிறது.

"மூன்று நாள் சோறும் கறியும் சாப்பிட்டான், நாலாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டான். இந்த மணலில் வேறென்னத்தைக் கொடுக்கிறது? நீ அவன் ஆட்களோடுதானே இருக்கிறாய், எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் என் கதையைக் கேட்க வேண்டும். அதுதான் கட்டணம்.

அவன் ஊர் ட்ரொம்சோ என்றீர்கள். அது பட்டணம். எங்கள் போட்ஸ்ஃபியோர் அதற்கும் கிழக்கே, வரங்கர் குடாநாட்டின் வட கரையில், சுமார் 2000 பேர் இருக்கிற மீன்பிடி ஊர். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் தலை காட்டும். ஊருக்குள் வர மலைமேல் ஏறி இறங்கும் தெரு ஒன்றே ஒன்று. பனிப்புயல் வந்தால் தடுப்பைப் போட்டு மூடிவிடுவார்கள். கொஞ்சம் தணிந்ததும் பனி அள்ளும் வண்டி முன்னே போக, லொறிகளும் கார்களும் அதன் பின்னால், தலவில் அன்னம்மாள் திருநாளில் சுரூபத்துக்குப் பின்னால் சனம் போகிற மாதிரி, மெல்ல மெல்ல ஊர்ந்து வரும். அந்த ஊர்வலத்தில்தான் எங்கள் பாலும் தக்காளியும் வருகின்றன. வராத நாளில் கடைக்குப் போனால் உருளைக்கிழங்கும் கோவாவும், ஒரு சுவர் நீளத்துக்கு உறைந்த பீட்சாவும்தான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மீனுக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். ஊரே மீன்தான் அக்கா. 1956இல் குருநகர் அந்தோனி ராஜேந்திரம் இந்த நாட்டுக்கு வந்து மீன்பிடித் தொழில் படித்தார், பிறகு யாழ்ப்பாணத்தில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனத்தைத் தொடங்கினார். எண்பதுகளில் படிக்கிற விசாவில் வந்த நம்மாட்கள் பலர் வேலை தேடி வடக்கே ஏறி, கடைசியில் மீன் பெக்டரியில்தான் நின்றார்கள். அவர்கள் போட்ட பாதையில் நானும் வந்து நிற்கிறேன். பகல் முழுக்க கொட் மீன் கையில். ஆனால் இந்த ஊர்க்காரர் அதைச் சமைக்கிற விதம்! உப்புத் தண்ணியில் அவிப்பது, பக்கத்தில் அவித்த கிழங்கு, மேலே உருக்கிய பட்டர். வெள்ளைத் தட்டில் வெள்ளை மீனும் வெள்ளைக் கிழங்கும் வைத்தால், எது எங்கே முடிகிறது என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்லலாம்.

கருவாடும் உண்டு. உப்பே போடாமல்! புத்தளத்து உப்பளத்துக்காரர் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும். பெப்ரவரியிலிருந்து மே வரை மரச்சட்டங்களில் சோடி சோடியாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். குளிரில் இலையான் கிடையாது, காற்று ஈரத்தை இழுத்துவிடும், மீன் விறகாகிவிடும். ஆண்டுக்கணக்கில் கெடாது. தலைகளைத் தனியே காய வைத்து நைஜீரியாவுக்கு ஏற்றுகிறார்கள். தலையின் அருமை தெரிந்த நாடு எங்கோ ஒன்று இருக்கிறது என்று எனக்கு ஆறுதல். நாக்கை மட்டும் இங்கே விடுவதில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் கத்தியோடு வந்து, மீன் தலைகளிலிருந்து நாக்கை வெட்டி விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். பெரிய பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், மீன் கழுவச் சொன்னால் வயிற்றுவலி வருகிறதல்லவா அவனுக்கு.

நானும் பச்சைத் தலை இரண்டை வாங்கி வந்து குழம்பு வைப்பேன். மீன் கைக்கெட்டிய தூரத்தில். அதைக் கறியாக்குகிற சாமான்தான் உலகத்தின் மற்ற முனையில். தென்னை முக்கோணத்தில் பிறந்தவன் தாய்லாந்து டின்னை உடைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றுகிறேன். கறிவேப்பிலை ஒஸ்லோவிலிருந்து சருகாக வருகிறது. நீங்கள் தந்த கொச்சிக்காய்த் தூளை நகைப்பெட்டியில் வைக்காத குறை.

மத்தியானச் சாப்பாட்டைச் சொல்லவே இல்லையே. பதினொன்றரைக்கு எல்லாரும் கடதாசியில் சுற்றிய பாணை எடுப்பார்கள். துண்டும் துண்டும் ஒட்டாமல் நடுவில் வைக்க அளவெடுத்து வெட்டிய தாள் கடையில் தனியாக விற்கிறது! பாணின் மேல் கபில நிறச் சீஸ். பால் திரிந்த தெளிநீரை நிறம் மாறும்வரை காய்ச்சி எடுப்பது, இனிக்கும். அதில் சீனியும் கொழுப்பும் எவ்வளவு என்றால், 2013 ஜனவரியில் 27 தொன் சீஸ் ஏற்றி வந்த லொறி இந்த நாட்டு வடக்கில் ஒரு சுரங்கப் பாதைக்குள் தீப்பற்றி, நாட்கணக்காய் எரிந்தது. நான் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் மூக்கைச் சுளிக்கிறவர்கள் இந்தக் கதையை என்னிடமே பெருமையாய்ச் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். மீனைக் கறி வைக்காதீர்கள். களப்பு மணலை மீன் கிடைத்தால் உப்பில் அவித்து, கிழங்கும் பட்டரும் வையுங்கள். அத்தான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாம், அவருக்கு மனம் தாங்காது. நொரோச்சோலைத் தோட்டத்து பீற்றூட்டைக் கறியாக்காமல் அவித்து வெட்டி, சீனி கலந்த வினாகிரியில் ஊறப்போடுங்கள். அது அவன் அம்மா வீட்டுப் போத்தலில் இருக்கிற சாமான்.

வெள்ளிக்கிழமை இந்த நாடே மெக்சிக்கோ ரொட்டியில் மாட்டிறைச்சி சுருட்டிச் சாப்பிடுகிறது. நம் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சிச் சட்டி அடுப்பில் ஏற அம்மா விடமாட்டா. வாரம் முழுக்க மீன் தின்று, வெள்ளிக்கிழமையும் மீனே தின்று, அதை ஒறுத்தல் என்று ஆண்டவரிடம் கணக்குக் காட்டுகிற ஊரல்லவா நாம்! மெல்லிய ரொட்டிக்குள் டின் மீனைச் சுருட்டிக் கொடுங்கள். கடற்கரையில் இருந்துகொண்டு டின் மீனா என்று அவன் கேட்க மாட்டான்.

சனிக்கிழமைதான் முக்கியம். இங்கே பல வீடுகளில் சனிக்கிழமை அரிசியைப் பாலில் குழைய அவித்து, சீனியும் கறுவாத்தூளும் தூவி, நடுவில் ஒரு கட்டி பட்டர் வைத்துச் சாப்பிடுவார்கள். நம் பாற்சோறேதான், அக்கா! கட்டிசம்பலை எடுத்து ஒளித்துவிட்டு, வெட்டாமல் கிண்ணத்தில் போட்டு, சீனி தூவிக் கொடுங்கள். சோற்றைத் தள்ளினவன் சோற்றுக்கே அழுவான். அதற்கு மறுநாள் வாடகையைக் கூட்டலாம்.

அவன் திரும்பும்போது பையில் இடம் இருக்குமா என்று மெல்லக் கேளுங்கள். ட்ரொம்சோவிலிருந்து எனக்குத் தபாலில் போட்டால் போதும். கொச்சிக்காய்த் தூள், கொறுக்காய், மாசி, கொஞ்சம் சூரைக் கருவாடு. கருவாட்டை நாலு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். என்ன இது என்று கேட்டால், உங்கள் ஊர்ச் சாமான்தான் தம்பி, கொஞ்சம் உப்புப் போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி