பெரிய ரிசீவர், சின்ன ஹால்

கே: ஹோம் தியேட்டருக்கு உயர்ந்த ரகத்தில் ஏ.வி. ரிசீவர் வாங்கப் போகிறேன். பட்ஜெட்டில் பாதியை அதற்கே ஒதுக்கிவிடலாமா? – வாசகர், தி. நகர்

ப: வேண்டாம். பாடுவது ஸ்பீக்கர். அந்தப் பாட்டை நல்லதாகவோ கெட்டதாகவோ திருப்பி அனுப்புவது உங்கள் சுவர். பாதிப் பணம் முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் போகட்டும். ரிசீவருக்குக் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மீதி வயரிங், திரைச்சீலை, கம்பளத்துக்கு. ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. சில வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் உழைக்கும்.

கே: மயிலாப்பூரில் தாத்தா கட்டிய வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்குக் கட்டைகள், மொசைக் தரை. அட்மாஸ் வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் வைத்தால் போதும், கூரையைத் தொட வேண்டாம் என்கிறார் கடைக்காரர். சரிதானா? – வாசகி, மயிலாப்பூர்

ப: கூரையைத் தொட வேண்டாம் என்றாரே, அது சரி. அந்த ஸ்பீக்கர்தான் உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. அது ஒலியை மேலே அனுப்பி, கூரையில் பட்டுத் திரும்பி, உங்கள் தலைக்கு மேலிருந்து வருவதுபோல் கேட்க வைக்கிறது. அதற்குக் கூரை மட்டமாக இருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு அடி உயரம் உத்தமம். பதினாலு அடியைத் தாண்டினால் பலன் இல்லை. உங்கள் வீட்டில் வரிசையாகக் கட்டைகள் ஓடுகின்றன. ஒலி அவற்றில் பட்டு நாலாபக்கமும் சிதறிவிடும். ஹெலிகாப்டர் மேலே பறக்காது, எங்கேயோ இரையும்.

சின்ன ஸ்பீக்கர் நான்கு வாங்கி, முன்சுவரில் இரண்டு, பின்சுவரில் இரண்டு என்று கூரைக்குச் சற்றுக் கீழே, உட்காரும் இடத்தைப் பார்த்துச் சாய்த்து மாட்டுங்கள். ரிசீவர் மெனுவில் அவற்றை ‘ஃப்ரன்ட் ஹைட்’, ‘ரியர் ஹைட்’ என்று தேர்ந்தெடுக்கலாம். கீழே ஐந்து, மேலே நான்கு: ஒன்பது ஆம்ப் உள்ள ரிசீவர் போதும்.

இதைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் மொசைக் தரை. ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ‘கிண்ண்’ என்று ஏதாவது நீண்டால், எந்த விலை ரிசீவரும் வசனத்தைத் தெளிவாக்காது. டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே கனமான கம்பளம் விரியுங்கள். பாய் போதாது, மிக மெல்லியது. பக்கவாட்டுச் சுவரில் தாத்தாவின் புத்தக அலமாரி இருந்தால் அங்கேயே இருக்கட்டும். உயரமும் பருமனும் வேறு வேறான புத்தகங்கள் எதிரொலியை நன்றாகவே உடைக்கும். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை போடுங்கள். இவற்றைச் செய்துவிட்டு மறுபடி கை தட்டிப் பாருங்கள். பிறகு ரிசீவர் பார்க்கக் கிளம்பலாம்.

கே: ஒரு ரிசீவரில் 105 வாட்ஸ், இன்னொன்றில் 150 வாட்ஸ். ரிச்சி தெருவில் ஒரு பெட்டியில் 5,000 வாட்ஸ் என்றே போட்டிருக்கிறது. எதை நம்புவது? – வாசகர், மந்தைவெளி

ப: அந்த 5,000 பி.எம்.பி.ஓ. கணக்கு. அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். அதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டிலும் பொடி எழுத்தைப் படியுங்கள். டெனான் ஏ.வி.ஆர்-எக்ஸ்3800எச் ரிசீவரின் 105 வாட்ஸ் என்பது 8 ஓம் ஸ்பீக்கரில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.05 சதவீத சிதைவோடு, இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது கிடைப்பது. ஒன்பது சேனலும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக ஓடினால் ஆளுக்கு 105 வராது. படங்களில் அந்த நிலை அநேகமாக வருவதில்லை என்பதால் கவலை வேண்டாம்.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 105-க்கும் 150-க்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல். காதுக்கு எட்டுவதே கஷ்டம். 87 டெசிபல் திறன் கொண்ட ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், இருக்கும் ஆம்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். உங்களுடையது 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மட்டும் பலமான ஆம்ப் அவசியம்.

கே: பிறகு விலை கூடக் கூட என்னதான் கிடைக்கிறது? – வாசகர், கோட்டூர்புரம்

ப: அறைத் திருத்தம். மைக் வைத்து அறையை அளந்து, உங்கள் ஹால் எந்தச் சுருதியை ஊதிப் பெருக்குகிறது, எதை விழுங்குகிறது என்று கண்டு சரிசெய்யும் கணக்கு. ஆடிஸி எக்ஸ்.டி.32, டிராக் லைவ், ஆந்தம் ரிசீவரில் வரும் ஏ.ஆர்.சி. ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் தரலாம். இரண்டு சப்வூஃபரைத் தனித்தனியாகச் சரிசெய்யும் வசதிக்கும் தரலாம். அளக்கும்போது ஃபேன், ஏ.சி.யை நிறுத்துங்கள், குக்கரை இறக்கிவிடுங்கள். மைக்கை சோபா முதுகில் வைக்காமல், ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள்.

கே: தம்பி நியூஜெர்சியில். அங்கே விலை குறைவு. சீசனுக்கு டிசம்பரில் வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்லட்டுமா? – வாசகி, ஆழ்வார்பேட்டை

ப: தம்பி வரட்டும், ரிசீவர் வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் அன்றே கதை முடியும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்காகச் செய்த மின்மாற்றி 50-இல் கூடுதலாகச் சூடேறும், நம் ஊர் வெயிலில். சுங்கவரி தனி. ரிப்பேர் என்றால் வாரண்டியும் கடல் தாண்டி இருக்கும்.

கே: வெடிச் சத்தம் வீட்டை அதிர வைக்கிறது, வசனம் மட்டும் கேட்பதில்லை. அம்மா ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கிறார். – வாசகர், மேற்கு மாம்பலம்

ப: அம்மா பக்கம்தான் நியாயம். வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், உள்ளே தள்ளி, எல்லாருடைய முழங்காலையும் பார்த்தபடி அது உட்கார்ந்திருக்கும். தட்டின் விளிம்புவரை இழுத்து, முன்னடியில் ரப்பர் கட்டை வைத்து, முகத்தைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். அதன் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். ராத்திரியில் ‘நைட் மோட்’ போட்டால் வெடி தணியும், முணுமுணுப்பு எழும்பும். ஒரு வசனத்துக்காக எத்தனை பேர் ராப்பகலாக டப்பிங், மிக்ஸிங் அறையில் உட்காருகிறார்கள்! அது அம்மா காதுக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

கே: பெசன்ட் நகரில், பீச்சுக்குப் பக்கத்துத் தெரு. உப்புக் காற்று ரிசீவரைத் தின்றுவிடுமா? – வாசகர்

ப: முதலில் வயர் முனையைத் தின்னும். வெறும் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். தங்கமுலாம் பூசிய பனானா பிளக் போட்டு, வருஷம் ஒரு முறை கழற்றித் துடையுங்கள். மூடிய அலமாரிக்குள் ரிசீவரை வைக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடைவெளி வேண்டும். அதன் தலையில் செட்-டாப் பாக்ஸை ஏற்றவே கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இடி மின்னல் நாளில் கேபிள், லேன் வயர்களையும் சேர்த்துக் கழற்றுங்கள். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரைத் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்ததை மறக்க வேண்டாம். தரைத்தளம் என்றால் ரிசீவரையும் பிளக் பாயின்ட்டையும் உயரத்தில் வையுங்கள்.

கே: படம் எப்போதாவதுதான். தினமும் கேட்பது எம்.எஸ்., செம்மங்குடி. அதற்கும் ஒன்பது சேனலா? – வாசகர், லஸ்

ப: இரண்டே போதும். பழைய ஒலிப்பதிவுகளில் பல மோனோ. அவற்றை ஒன்பது மூலைக்கும் பிரித்து அனுப்பினால் பாடகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாது. ‘ஸ்டீரியோ’வில் வையுங்கள், ‘டைரக்ட்’ பட்டனை அழுத்தினால் பல ரிசீவர்களில் அறைத் திருத்தமும் சேர்ந்து அணைந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பியைக் கவனியுங்கள். ஒவ்வொரு கும்கியும் தனித்தனியாகச் சறுக்கி இறங்க வேண்டும். எல்லாம் ஒரே ‘தொம்’மாகக் கலந்தால் சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்துங்கள்.

கே: சத்யம் தியேட்டர் சத்தம் வீட்டில் வருமா? – வாசகர், ராயப்பேட்டை

ப: தியேட்டர் கணக்கில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். ஃபிளாட்டில் அவ்வளவு வைத்தால் மேல்வீட்டுக்காரர் கீழே வந்துவிடுவார். 2012-இல் ‘சிவாஜி 3டி’ அட்மாஸில் வந்தபோது நாம் வியந்தது சத்தத்தின் அளவைப் பார்த்தல்ல, அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்து. அந்த வியப்பு வீட்டில் வரும். ஓ.டி.டி.யில் அட்மாஸ் சுருக்கப்பட்டே வருகிறது, நெட்ஃப்ளிக்ஸில் அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட். முழுசாகக் கேட்க ப்ளூ-ரே வேண்டும்.

கே: கடையில் டெமோவுக்கு எந்தப் படம் போடச் சொல்வது? – வாசகி, திருவான்மியூர்

ப: நீங்கள் பத்து முறை பார்த்த படம். சண்டைக் காட்சி வேண்டாம். மழையில் இரண்டு பேர் தணிந்து பேசும் காட்சியைக் கேளுங்கள், வீட்டில் வைக்கும் அளவிலேயே. இரண்டு ரிசீவரை ஒப்பிடும்போது ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்த அளவில் ஓட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் உசத்தியாகவே தோன்றும். கிளம்பும் முன் சர்வீஸ் சென்டர் சென்னையில் எங்கே என்று கேட்டு, விலாசத்தை பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.