ஒரு வரி தள்ளிப் போனால் என்ன?

புற்றுநோய் ஆய்வில் பெரிய மனிதர் யாரென்று கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் தேவையில்லை. பெயரைத் தட்டினால் போதும். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று திரையில் வந்து நிற்கும். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கொடுத்த சூத்திரம் இந்த எச். இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால் எச் இருபது. எழுதியிருப்பது உண்மையா என்று சூத்திரம் கேட்காது. பெரியவர்களிடம் அப்படியெல்லாம் கேட்கலாமா? ‘இந்தக் கட்டுரை சுத்தத் தப்பு’ என்று ஒருவர் எழுதினாலும் அதுவும் ஒரு மேற்கோள்தான். திட்டத் திட்டப் புள்ளி ஏறும்.

உண்மையா என்று கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டியும் மூத்த சகா ஜோசப் நெவின்ஸும் குழுவினரும் 2006-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். கட்டியில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தே, எந்த கீமோ யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாமாம். உலகமே கை தட்டியது.

ஹூஸ்டனில், எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், கீத் பாகர்லி, கெவின் கூம்ஸ் என்று இரண்டு புள்ளியியல்காரர்கள். அவர்கள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். விடை வரவில்லை. தோண்டினால், பட்டியலில் மரபணுக்களின் பெயர்கள் ஒரு வரி நழுவிக் கிடந்தன. ரேஷன் கடைப் பேரேட்டில் ஒரு வரி இறங்கினால் முருகன் வீட்டு அரிசி முனியன் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். இங்கே இன்னொன்றும் இருந்தது: மருந்து கேட்கிற செல்லுக்குக் ‘கேட்காது’ என்றும், கேட்காததற்குக் ‘கேட்கும்’ என்றும் சில இடங்களில் தலைகீழாகப் பெயர் ஒட்டியிருந்தது. அதை நம்பினால், பலிக்காத மருந்தையே பொறுக்கி எடுத்து நோயாளியின் நரம்பில் ஏற்றலாம்.

2007-இலேயே இருவரும் எழுதிக் காட்டினார்கள். கணக்கு சரிதான் என்று பதில் வந்தது. அதே ஆண்டு டியூக்கில் இந்த மரபணுக் கணிப்பை நம்பி நோயாளிகளைச் சேர்க்கும் சோதனையும் தொடங்கியது. மறுப்பை விரிவாக எழுதி அனுப்பினால், ரொம்ப எதிர்மறையாக இருக்கிறதென்று ஓர் இதழ் திருப்பிவிட்டது. புற்றுநோயாளிக்குத் தப்பு மருந்து போகலாம் என்ற செய்தியில் நேர்மறையாக எதைக் கலப்பது, ஏலக்காயா? 2009-இல் ஒரு புள்ளியியல் இதழ்தான் இடம் கொடுத்தது. டியூக் சோதனைகளை நிறுத்தியது, வெளியாட்களைக் கூப்பிட்டு விசாரித்தது, 2010 தொடக்கத்தில் மறுபடி திறந்துவிட்டது. பாகர்லி அனுப்பிய புது ஆட்சேபம் அந்த வெளியாட்களின் கைக்கே போய்ச் சேரவில்லை.

கடைசியில் கவிழ்த்தது எது தெரியுமா? பொட்டி தன்னை ரோட்ஸ் ஸ்காலர் என்று, அதாவது பெருமைமிக்க ஓர் உதவித்தொகை பெற்றவரென்று, போட்டுக்கொண்டது பொய் என 2010 ஜூலையில் ‘தி கேன்சர் லெட்டர்’ என்ற செய்தியிதழ் எழுதியது. கணக்கு தப்பு என்று வருடக்கணக்காகக் கத்தியும் திறக்காத கண், பட்டம் பொய் என்றதும் படாரென்று திறந்தது. நோயாளியின் உயிரில் சந்தேகம் வந்தால் கமிட்டி போடலாம், பயோடேட்டாவில் வந்தால் பொறுக்க முடியுமா? நவம்பரில் அவர் ராஜினாமா செய்தார். 2011 ஜனவரியில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இது ஏதோ ஒரு ஆளின் கோளாறு என்று ஆறுதல் பட வேண்டாம். ‘ட்யூமர் பயாலஜி’ என்ற இதழின் 107 கட்டுரைகளை 2017-இல் ஒரே மூச்சில் திரும்பப் பெற்றார்கள். அவற்றைப் படித்துப் பார்த்துப் பரிந்துரைத்ததாகச் சொன்ன நிபுணர்களின் மதிப்புரையே போலி.

இந்த நேரத்தில் ஏதோ ஒரு பேத்தாலஜி அறையில் ஒருவர், வெட்டியெடுத்த கட்டியின் ஓரம் வரை புற்று எட்டியிருக்கிறதா என்று அதே ஸ்லைடை மூன்றாம் முறை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எழுதும் நாலு வரியை வைத்துத்தான் மறுபடி கத்தி வைப்பதா வேண்டாமா என்று முடிவாகும். அந்த நாலு வரிக்கு மேற்கோள் கிடையாது. நம் நாட்டு மருத்துவக் கல்லூரியிலும் பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்பார்கள். ஒழுங்காகப் பார்த்த ஸ்லைடு எத்தனை என்று எவரும் கேட்டதில்லை.

பொட்டி விவகாரத்தில் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 2015-இல் தீர்ப்பு சொன்னது. டாசாடினிப் மருந்து 33 நோயாளிகளில் 6 பேருக்குப் பலன் தந்தது என்று நிதி கேட்கும் விண்ணப்பத்தில் பொட்டி எழுதியிருந்தார். சோதனையில் சேர்ந்தவர்களே 4 பேர். அவர்களில் ஒருவருக்கும் பலனில்லை. குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அரசுப் பணத்தில் ஆய்வு செய்தால் ஐந்து ஆண்டுகளுக்கு யாராவது மேற்பார்வை பார்க்க வேண்டும் என்பது உடன்பாடு. இல்லாத அந்த 29 நோயாளிகளைத் தேடிப் பிடிக்க அவ்வளவு காலமாவது வேண்டாமா?