குடவோலை மகாசபைக்கு ஒரு மனு

அனுப்புநர்: உத்திரமேரூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை, யாரும் கேட்காமலே எழுதிக்கொண்டிருப்பவன்.

பெறுநர்: உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்து மகாசபைப் பெருமக்கள், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், உத்திரமேரூர்.

பொருள்: வரலாற்று வாரியம் அமைக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: முதலாம் பராந்தக சோழரின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921).

பெருமக்களே,

உயிரோடு இருக்கும் அலுவலகங்களுக்கு எழுதி அலுத்துவிட்டது. கேட்டதற்கு ஆயிரத்து நூறு ஆண்டாக ஒரே பதிலைச் சொல்வது உங்கள் சுவர் மட்டுமே என்பதால் இம்மனு.

குடத்தில் பெயரோலை இட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்த உங்கள் விதிகளைச் சுவரில் வெட்டிவைத்தீர்கள். முப்பது குடும்பு (வார்டு), கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி கட்டும் நிலம்), சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70, ஓலை எடுக்க ஒன்றுமறியாச் சிறுவன், பதவிக்காலம் 360 நாள்: எல்லாம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. ஆனால் எங்கள் ஏரி மதகு எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டால், கோப்பு இல்லை.

"ஏரிப் பதிவேடு பார்க்கணும்" என்றால், "இன்னா சார், பட்டா பிரச்சினையா?" என்கிறார் எழுத்தர். வரலாறு எழுதத்தான் என்றதும் சந்தேகம் வலுக்கிறது. பழைய கோயில் சுவரை உற்றுப் பார்த்தால், "புதையலா?" அதுவும் இல்லையென்றால், "அப்புறம் எதுக்கு?" இந்தக் கேள்விக்கு எந்தச் சான்றிதழை இணைப்பது?

உங்கள் புகழுக்குக் குறைவில்லை. 1898-இல் படியெடுத்தார்கள். கல்வெட்டறிஞர் வெங்கையா ஆராய்ந்தார், வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி விளக்கினார். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் எழுதிய பெருநூல் 1970-இல் புதுச்சேரியில் வந்தது, பிரெஞ்சு மொழியில். மேடைக்கு மேடை குடவோலைதான். ஆனால் கணக்குக் காட்டாதவரோடு அவர் மைத்துனர், மாமனார், மருமகன் பெயரும் குடத்தில் விழக்கூடாது என்ற விதி வரும்போது மட்டும் பேச்சாளருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

உங்கள் மீதும் ஒரு புகார் உண்டு. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை வைத்தீர்கள். ஏரிக்கு மண் சுமந்தவள் இவ்விரு கல்வெட்டிலும் இல்லை. நிலமும் வேதமும் இல்லாதவர் ஓலை உங்கள் குடத்தில் விழவே இல்லை. இன்று நூறு நாள் வேலையில் ஏரி தூர்வாருகிற அம்மாக்களுக்குக் கரை உடைந்த வருடமும் தெரியும், மீன் ஏலத்துச் சண்டையும் தெரியும். அதை எந்த ஆவணமும் எழுதிக்கொள்வதில்லை. என்போன்ற பட்டமில்லாத ஆராய்ச்சிக்காரனுக்கு உரிய வேலை அதை எழுதிவைப்பதுதான்.

ஆகவே, வரலாற்று வாரியத்துக்கு நான் முன்மொழியும் விதிகள்:

1. நிலம் தேவையில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் பொறுமை போதும்.

2. "எங்க பாட்டன்தான் ராஜாவுக்கே குதிரை கொடுத்தாரு" என்பவர் சாட்சி சொல்லலாம், தீர்ப்பு எழுதக்கூடாது.

3. கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தவர், பழைய பதிவேட்டை எடைக்குப் போட்டவர் ஆகியோர், மருமகன் மைத்துனர் உட்பட, தகுதி இழப்பர்.

உத்திரமேரூர் இப்போது பேரூராட்சி. கிராம சபை கூடுவது எங்களைப் போன்ற சுற்று ஊர்களில்தான். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற எந்த நாளானாலும் சரி, அடுத்த கூட்டத்தில் ஊராட்சியின் பழைய பதிவேடுகளை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். கழித்துக்கட்டும் முன் ஊராருக்கு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கல்லில் வெட்டித் தர வேண்டாம், ஒரு நகல் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கால் வேலியும் இல்லாத மனுதாரர்