இருந்த இடம் தெரிந்தபோது அங்கே இல்லை

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவர்களை இன்றைக்கும் நடுராத்திரியில் எழுப்பி, ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதித் தூக்கத்தில் ‘சி கோலன், டிசி, பின்’ என்பார்கள். காந்திபுரத்து மாடிப்படி ஏறிப் போகும் கம்ப்யூட்டர் சென்டரானாலும் பீளமேட்டுக் கல்லூரி லேபானாலும் டர்போ சி குடியிருந்த டைரக்டரி அதுதான். நீலத் திரையில் நாம் எழுதியதெல்லாம், எங்கே போடுவது என்று யாரும் யோசிக்காததால், முந்தைய பேட்ச் பையன்களின் ஃபிபனாச்சிகளுக்கும் பகா எண்களுக்கும் நடுவே போய் அங்கேயே விழும். டாஸில் சி.டி. என்று வெறுமனே தட்டினால் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். ப்ரோக்ராமுக்குள்ளிருந்து கேட்பதற்கு இன்டரப்ட் 21ஹெச், ஃபங்ஷன் 47ஹெச். 64 பைட் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் பாதையை எழுதித் தரும், டிரைவ் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு. டிரைவுக்கு ஃபங்ஷன் 19ஹெச்சைத் தனியாகப் போய்க் கேட்கவேண்டும். அது ஏ டிரைவைப் பூஜ்யம் என்னும், முந்தையது அதையே ஒன்று என்னும். இந்த வம்பை ஒரு தேர்வுத்தாளில் கேட்டிருந்தார்கள் என்றால் நான் பல்கலைக்கழகத்திலேயே முதல் ஆளாக வந்திருப்பேன். கேட்கவில்லை.

யூனிக்ஸ் லேப் வேறு ரகம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஏ.சி. உங்களுக்கில்லை, மிஷினுக்கு என்று லேப் உதவியாளர் தவறாமல் சொல்வதைத் தவறாமல் கேட்டுக்கொண்டு, பச்சை எழுத்து டெர்மினல் முன்னால் முழங்கை இடிக்க உட்காருவோம். ஒரே எஸ்.சி.ஓ. யூனிக்ஸ் பெட்டியை மொத்த வகுப்பும் பங்கு போட்டுக்கொள்ளும். யாராவது ஒருவன் பெரிதாக எதையோ கம்பைல் செய்தால் எல்லார் திரையும் சேர்ந்து பெருமூச்சு விடும். அந்த இடைவெளியில் பேசிய பேச்சுக்களைத்தான் கல்லூரி வாழ்க்கை என்று இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேகம் வந்தபிறகு அந்தப் பேச்சு போய்விட்டது. அங்கேதான் எனக்கு அந்த ஆசை பிடித்தது: பி.டபிள்யூ.டி. (பொதுப்பணித் துறை அல்ல, இருக்கும் டைரக்டரியைச் சொல்லும் கட்டளை) ஒன்றை நானே எழுதுவது. எழுதினால் யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸ் ஆள் அனுப்பும் என்று நம்பினேன். சிங்காநல்லூர் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டே நன்றியுரையைக்கூட ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

அதில் என்ன பெரிய வேலை என்கிறீர்களா? ஒரு டைரக்டரிக்குத் தன் பெயர் தெரியாது. தெரிந்ததெல்லாம் தன் ஐநோடு எண்ணும் (டிஸ்க்கில் அதன் அடையாள எண்), இரட்டைப் புள்ளி என்ற பெயரில் மேலே போக ஒரு வழியும்தான். பெயர் எழுதியிருப்பது பெற்ற டைரக்டரியில். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஒவ்வொரு பதிவும் 16 பைட். எண்ணுக்கு 2, பெயருக்கு 14. ஆகவே ஒரு படி மேலே ஏறி, அங்குள்ள பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, நம் எண் எதில் இருக்கிறதோ அந்தப் பெயரை எடுத்து முன்னால் ஒட்டவேண்டும். மறுபடி ஏறவேண்டும். புள்ளிக்கும் இரட்டைப் புள்ளிக்கும் ஒரே எண் வந்துவிட்டால் ரூட். அதற்குமேல் பெற்றவர் இல்லை. நடுவில் வேறொரு டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால் எண் மட்டும் போதாது, ஒவ்வொரு பெயரையும் ஸ்டாட் செய்து டிவைஸ் எண்ணையும் ஒத்துப்பார்க்கவேண்டும். வழியில் ஏதாவது ஒரு மேல்டைரக்டரி படிக்க அனுமதி மறுத்தால் தேடல் அத்தோடு சரி.

அந்தப் பழைய கட்டளை ஏறுவதற்காக நிஜமாகவே தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டே போகும். முழுப் பாதையும் கைக்கு வரும் நேரத்தில் அது ரூட்டில் நின்றுகொண்டிருக்கும். தான் எங்கே இருந்தோம் என்று கண்டுபிடித்தபோது அங்கே இல்லை. இதற்காகவே அந்த ப்ரோக்ராமை எனக்கு இன்னும் பிடிக்கும். தனி ப்ராசஸாக ஓடி முடிந்துபோவதால், கேட்ட ஷெல் (நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ப்ரோக்ராம்) மட்டும் நகராமல் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த நியாயம் பெரியவர்களையே ஒருமுறை திணறடித்திருக்கிறது: பி.டி.பி.-7 மிஷினில் ஃபோர்க் (ஒரு ப்ராசஸ் இன்னொன்றைப் பெறும் வழி) வந்த புதிதில், டைரக்டரி மாற்றும் கட்டளை திடீரென்று வேலை செய்யாமல் போயிற்றாம். பிள்ளை ப்ராசஸ் இடம் மாறிவிட்டுச் செத்துப்போக, பெற்ற ஷெல் பழைய இடத்திலேயே. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே இதை எழுதிவைத்திருக்கிறார். ப்ரோக்ராமுக்குள்ளிருந்து இதையே கேட்க உதவும், சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் கெட் சி.டபிள்யூ.டி. ஃபங்ஷன் இன்னும் கெட்டிக்காரத்தனம், தானாக எதையும் ஏறிப் பார்க்காது, பி.டபிள்யூ.டி.யை ஓடவிட்டு அது சொன்னதை வாங்கி நம்மிடம் கொடுத்துவிடும்.

1999இல் லினக்ஸ் 2.2 வந்தபோது இந்த கெட் சி.டபிள்யூ.டி. கர்னலிடம் நேரடியாகக் கேட்கும் ஒரே சிஸ்டம் காலாகிவிட்டது. படியேறுவது நின்றுவிடவில்லை, நம் கண்ணில் படாமல் மெமரிக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஜன்னலில் ஒரு டைரக்டரிக்குள் இருந்துகொண்டு, இன்னொரு ஜன்னலிலிருந்து அதை அழித்துப் பாருங்கள். ப்ராக் டைரக்டரியின் அடியில், ப்ராசஸ் நிற்கும் இடத்தைக் காட்டும் இணைப்பு, வாலில் ‘டெலீட்டட்’ என்று ஒட்டி நேர்மையாகச் சொல்லிவிடும். ஷெல்லோ தன் நினைவில் வைத்திருந்த பழைய பெயரையே அலுங்காமல் அச்சடிக்கும். அவிநாசி ரோட்டு ஹோப் காலேஜ் ஸ்டாப்பும் அப்படித்தான். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில், ஜி.டி. நாயுடு முன்னின்று 1945இல் தொடங்கிய கல்லூரி, இடம் மாறி தடாகம் ரோட்டில் ஜி.சி.டி. ஆகி எத்தனையோ காலமாயிற்று. கண்டக்டர் இன்னும் ‘ஹோப் காலேஜெல்லாம் எறங்குங்க’ என்கிறார். டைடல் பார்க் போகும் பிள்ளைகள் மறுபேச்சின்றி இறங்குகிறார்கள்.

அவர்களில் ஒருவன் என் அண்ணன் மகன். அந்த ஸ்டாப் பக்கத்து பேக்கரியில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, “எங்கிட்ட ஓடுதுங்க சித்தப்பா, சர்வர்ல போட்டா ஃபைலே இல்லைங்குது” என்றான்.

“அது எங்க நின்னுட்டுத் தேடுதுன்னு கேளு கண்ணு.”

ஒரு வரி சேர்த்தான். ஏறவுமில்லை, எண்ணைத் தேடவுமில்லை, இமைக்குமுன் பதில் வந்தது: வெறும் ஸ்லாஷ். கன்டெய்னருக்கு யாரும் இடம் சொல்லாததால் அது ரூட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. ‘ஸ்லாஷ் ஆப்’ என்று இடம் போட்டுக் கொடுத்தான், ஃபைல் கிடைத்துவிட்டது.

“செரி, அந்த ஆப் எந்த மிஷின்ல இருக்குது?”

“அது தெரியாதுங்க. எங்க வேணா எந்திரிக்கும். தெரியவும் கூடாதுங்க.”

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாக ஏறிய என் பச்சை எழுத்து நாட்களைப் பற்றிச் சொல்ல நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் அவன் போன் அதிர்ந்தது. வருகைப்பதிவு ஆப்: நீங்கள் வளாகத்துக்கு வெளியே இருக்கிறீர்கள். பாதி பஃப்ஸை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு ஓடினான். பில்லை நான்தான் கொடுத்தேன்.